தோளில் தூங்கும் குஞ்சு

புதுக்கோட்டை,
ஜூன் மாதம்.

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீடியோவை உன் பெரியம்மா நான்கு முறை பார்த்துவிட்டாள். நீ லேப்டாப் முன்னால் வேலை செய்துகொண்டிருக்கிறாய். உன் தோளில், கழுத்தோரமாக ஒண்டிக்கொண்டு அந்த மயில்குஞ்சு தூங்குகிறது. பொரிந்து ஆறு நாள் ஆகிறது, நான் எழுந்து போனால் கத்துகிறது, திரும்பி வந்தால் அடங்கிவிடுகிறது, இப்படியே வளர்த்தால் நன்றாகப் பழகிவிடும் இல்லையா பெரியப்பா என்று கேட்டிருக்கிறாய். வீட்டுக்கார அம்மா தன் மகள் ஊருக்குப் போகும்போது உன்னிடம் விட்டுப்போன பெரிய மயில் ஜோடியையும் எப்படிக் கைக்குப் பழக்குவது என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்று எழுத உட்கார்ந்தேன். மற்றதையெல்லாம் மெதுவாகப் படி. ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்: அந்தக் குஞ்சுக்கு ஒரு துணை தேடு.

ஏன் என்று சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில், விராலிமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் பையன் ஒருவன் கடலைக் காட்டில் கிடைத்த மயில் முட்டையைக் கொண்டுவந்து அடைக்கோழிக்கு அடியில் வைத்துவிட்டான். கோழி முட்டைக்கு 21 நாள். மயில் முட்டைக்கு ஏறக்குறைய 28 நாள். தன் குஞ்சுகள் பொரிந்ததும் கோழி அடையை விட்டு இறங்கிப் போய்விட்டது. மிச்ச நாளை அவன் குண்டு பல்பு வைத்து ஒப்பேற்றியிருக்கிறான். ஒற்றைக் குஞ்சு. அவன் கையில் தின்று, அவன் பாயில் தூங்கி வளர்ந்தது. இரண்டு வருடம் அவன் பின்னாலேயே பேருந்து நிறுத்தம் வரைக்கும் போகும். ஊரே அதை அதிசயமாகப் பார்த்தது. ஆண்மயிலுக்கு முழுத் தோகை வருவது மூன்றாம் வயதில். அந்த வருடம் பங்குனியில் அது அவன் தங்கையின் முகத்தில் பாய்ந்தது. கால்முள் கண்ணுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள், மயிலுக்கு வெறி பிடித்திருக்கிறதா என்று பார்க்க.

வெறியெல்லாம் இல்லை. நல்ல ஆரோக்கியமான பறவை. முட்டையை விட்டு வந்து முதலில் பார்த்த உருவம் மனிதனுடையது என்பதால், மனிதர்கள்தான் தன் இனம் என்று அது முடிவு கட்டியிருந்தது. பருவம் வந்ததும் ஒரு மயில் இன்னொரு மயிலிடம் என்ன செய்யுமோ, அதை மனிதர்களிடம் செய்தது. சிலரிடம் தோகை விரித்து ஆடியது, சிலரைப் போட்டிக்கு வந்த ஆணாக நினைத்துப் பாய்ந்தது. வனத்துறையினர் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். சில நாளில் வேறொரு ஊர்த் தெருவில் வந்து நின்றது. கடைசியில் கூண்டுதான். அங்கே இருந்த பெட்டை மயில்களை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தீவனம் போட வருகிறவரைக் கண்டால் கம்பிக்கு அருகே வந்து தோகையை விரிக்கும். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை போக மனம் வரவில்லை.

கொன்ராட் லோரென்ஸ் என்ற ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர், 1973-இல் நோபல் பரிசு பெற்றவர், இதுபோன்ற ஒன்றை எழுதியிருக்கிறார். வியன்னாவில் ஷோன்புரூன் உயிரியல் பூங்காவில் ஒரு வெள்ளை மயில். கூடப் பொரிந்தவை குளிரில் செத்துப்போக, மிஞ்சிய அந்த ஒன்றைக் காப்பாற்ற இருப்பதிலேயே வெதுவெதுப்பான இடத்தில் வைத்தார்கள். அது ராட்சத ஆமைகள் இருந்த அறை. குஞ்சு பிழைத்தது. ஆனால் ஆயுள் முழுக்க அது ஆமைகளுக்குத்தான் தோகை விரித்துக் காட்டியதாம். எவ்வளவு அழகான பெண்மயிலைக் கொண்டுவந்து விட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அந்தப் பூங்காக்காரர்கள் அன்பில்லாதவர்களா? குஞ்சு செத்துவிடக் கூடாது என்று தவித்தவர்கள்தான். நீயும் அப்படித்தான் தவிக்கிறாய். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

ஆறு நாள் குஞ்சு என்பதால் இன்னும் காலம் போய்விடவில்லை. டெக்சஸில் உங்கள் பக்கத்துப் பண்ணைகளில் விசாரித்து ஒரே வயதில் இன்னொரு மயில்குஞ்சு வாங்கு. இரண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்கிற வரைக்கும் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து நேராக வந்த ஒரு கோழிக்குஞ்சைச் சேர்த்து விடு. யார் வீட்டுக் கொல்லையிலாவது மேய்ந்த குஞ்சு வேண்டாம், அதற்கான காரணம் பின்னால் வரும். கோழிக்குஞ்சால் இன்னொரு நன்மையும் உண்டு. கோழிக்குஞ்சு பொரிந்த மறுநாளே தானாகக் கொத்தித் தின்னும். மயில்குஞ்சு அப்படி இல்லை. தாய்மயில் தீனியை அலகு நுனியில் எடுத்து நீட்ட, அதிலிருந்து கொத்தித்தான் பழகும். இன்குபேட்டரில் பொரிந்த குஞ்சுகள் தட்டு நிறையத் தீவனம் இருக்கும்போதே பட்டினி கிடந்து சாவதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சு டொக் டொக்கென்று கொத்தினால் பார்த்துப் பழகிவிடும். அதுவரை வேகவைத்த முட்டைத் துணுக்கை உன் விரல் நுனியில் வைத்துக் காட்டு.

பெட்டியில் பேப்பர் விரித்திருப்பது வீடியோவில் தெரிந்தது. எடுத்துவிடு. வழுக்கும் தரையில் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, பிறகு நிமிராமலே போய்விடும். பழைய துண்டோ சொரசொரப்பான பாயோ போடு. பல்புக்கு அடியில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வா. வெப்பத்தை ஒரு மூலையில் மட்டும் வை. குஞ்சுக்குச் சூடு அதிகமானால் அதுவே விலகிப் போய்க்கொள்ளும். தீவனம் கோழிக்குஞ்சுத் தீவனமாக இருக்கக் கூடாது. வான்கோழிக் குஞ்சுக்கு விற்பதை வாங்கு, புரதம் 28 சதவீதமாவது இருக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வை, மூழ்காது. விரல் தடிமனில் ஒரு குச்சியைத் தாழ்வாகக் கட்டு. மயில்குஞ்சுக்குப் பொரியும்போதே இறகு முளைத்திருக்கும், சில நாளிலேயே தாவிப் பறக்கும். பெட்டிக்கு வலை மூடி போடாமல் தூங்கப் போகாதே.

துணை வந்த பிறகு நீ ஒதுங்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. தினமும் மூன்று நான்கு முறை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார். கையைத் தரையோடு தரையாக, உள்ளங்கை மேலாக வை. தீனி வைத்த கையில் அவை ஏறட்டும், தின்று இறங்கட்டும். மேலிருந்து கையை விட்டு எடுக்காதே. பறவைக்கு மேலிருந்து வருவது பருந்து. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டித் தூங்கி, விழித்ததும் ஓடிவந்து உன் கையில் ஏறினால், அதுதான் நல்ல பழக்கம். உன் தோள் இல்லாவிட்டால் தூங்க மாட்டேன் என்றால், தவறான வழியில் போகிறது என்று தெரிந்துகொள்.

இனி அந்தப் பெரிய ஜோடி. அவை பழகிய மயில்கள் என்று வீட்டுக்கார அம்மா சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அவருக்குப் பழகியவை. உன்னைப் பொறுத்தவரை முதலிலிருந்து தொடங்கவேண்டும். மயிலுக்கு ஆளை நன்றாக அடையாளம் தெரியும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாதே. சாயங்காலம் ஒரே நேரத்துக்கு, முடிந்தால் ஒரே நிறச் சட்டையில் போய், அடைப்புக்குள் ஒரு முக்காலியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார். நேருக்கு நேர் பார்க்காதே. புத்தகம் படி. உனக்கும் அவற்றுக்கும் நடுவில் கொஞ்சம் தீனி கிடக்கட்டும். தோல் உரித்த வேர்க்கடலையும் பறவைத் தீவனக் கடைகளில் கிடைக்கும் காய்ந்த புழுவும் போடலாம். பூனைக்குப் போடும் உலர் தீவனம் என்றால் மயிலுக்கு உயிர். அதைத் தினசரி உணவாக்கிவிடாதே, நீ வந்தால் மட்டுமே கிடைக்கிற பண்டமாக வைத்துக்கொள். தீனியை ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உன் பக்கம் நகர்த்து. கழுத்து ஒல்லியாக நீண்டு, உடம்பு அசையாமல் நின்றால் பயம். அன்றைக்கு ஒரு முழம் பின்னால் தள்ளிப் போடு. பெட்டை முதலில் வரும். சேவலுக்குப் பிகு அதிகம். வாரங்கள் ஆகும், சில பறவைகள் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒருநாள் உன் உள்ளங்கையில் அலகு படும். அன்றைக்குக் கையை அசைக்காமல் இரு. தடவிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். பெரும்பாலான மயில்கள் கையில் தின்னும், ஆனால் தொடுவதை விரும்பாது. அது எவ்வளவு தூரத்தில் நிற்க விரும்புகிறதோ அந்தத் தூரத்தை அதற்கு விட்டுக்கொடு. உன்னிடம் வந்த பறவைக்கு விலகிப் போகவும் வழி இருந்தால்தான் மறுபடி வரும்.

கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறாயே, கவனம். கம்மல், மூக்குத்தி, கண்ணாடி, எது மினுங்கினாலும் கொத்தும். முகத்தை அதன் அலகுக்கு எட்டும் உயரத்தில் வைக்காதே.

தீனி கொடுக்கும் கையால் ஒருபோதும் பிடிக்காதே என்பதைத் தனியாகச் சொல்கிறேன். மருந்து கொடுக்க, காலைப் பார்க்க, இடம் மாற்ற என்று பிடிக்க வேண்டிய நாள் வந்தே தீரும். அதற்கு இருட்டு வேண்டும். அவை கட்டையில் அடைந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகு, மங்கலான வெளிச்சத்தில் போ. முடிந்தால் உன் நண்பர் யாராவது பிடிக்கட்டும். ஒரு துணியைத் தலைமேல் போட்டால் அடங்கிவிடும். இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்து, மறு கையால் இரண்டு கால்களையும் உடம்பை ஒட்டிய இடத்தில் பிடிக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இருக்கட்டும். ஒற்றைக் காலைப் பிடித்தால் திமிறும் வேகத்தில் மூட்டு நழுவிவிடும். சேவலின் கால்முள் உன் வயிற்றுக்கும் முகத்துக்கும் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். தோகையைப் பிடித்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும். எதிரியிடம் இறகை விட்டுவிட்டுத் தப்பிப்பது பறவைகளின் வழி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படிப் பிடித்து, கையில் ஒரு கட்டு இறகோடு நின்றிருக்கிறேன்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டும். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது. ஒரு சித்திரை மாதத்து மதியம், கிணற்றில் விழுந்த ஆண்மயில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எலும்பு முறியவில்லை, ரத்தமும் இல்லை, பயந்து போயிருந்தது, அவ்வளவுதான். நிழலில் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தால் சாயங்காலம் பறந்து போயிருக்கும். நான் மேஜைமேல் வைத்து முழுப் பரிசோதனை செய்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடம் விட்ட நேரம், பிள்ளைகள் மயிலைப் பார்க்க ஓடிவந்து சுற்றி நின்றார்கள். பாவம், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். உதவியாளரிடம் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. படித்திருந்தேன், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அலகைத் திறந்து இரைத்தது. பத்து நிமிடத்தில் கழுத்து தொய்ந்துவிட்டது. காயமே இல்லாத பறவை, கயல். பிடிபட்ட அதிர்ச்சியே அதைக் கொன்றுவிட்டது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் எந்த மயிலையும் மூடிய கதவுக்குள்தான் பார்த்தேன், வாயைத் திறந்து பேசாமல்தான் பார்த்தேன். நீ பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதே. டெக்சஸ் வெயிலில், பகலில், துரத்திப் பிடிக்கவே பிடிக்காதே. இரைக்க ஆரம்பித்தால் எந்த வேலையானாலும் பாதியில் விட்டுவிடு.

அடைப்பைப் பற்றிச் சுருக்கமாக. சேவல் தோகையை விரித்துச் சுற்றிவர பத்தடிக்குப் பத்தடி கட்டாயம் வேண்டும், உயரம் எட்டடி. மேலே கம்பிக்குப் பதிலாக மெத்தென்ற வலை கட்டு, மிரண்டால் செங்குத்தாக மேலே எழும்பித் தலையை அடித்துக்கொள்ளும். கீழே இரண்டடி உயரத்துக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை. ராக்கூன் கையை விட்டு இழுக்கும். பகலில் வெளியே விட்டாலும் இரவில் மரத்தில் அடைய விடாதே, அங்கே இருக்கும் பெரிய கொம்பு ஆந்தை தூங்கும் மயிலையே எடுத்துவிடும். சாயங்காலத் தீனியை அடைப்புக்குள் மட்டுமே போட்டால் தானாக வந்து அடையும். இருட்டும் நேரத்தில் இரண்டும் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டுக் கதவை மூடு.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2021 பிப்ரவரியில் உங்கள் மாநிலத்தில் பல இடங்கள் மின்சாரமில்லாமல் உறைந்தனவே, அதுபோல ஒரு வாரம் மறுபடி வரலாம். மயில் உடம்பு தாங்கும், விரல்கள் தாங்காது. உருட்டுக் கட்டையில் உட்கார்ந்தால் விரல் வெளியே தெரியும், கருகிவிடும். நாலு அங்குலப் பலகையைத் தட்டையாகப் பொருத்து. விரலை விரித்து அதன்மேல் வயிற்று இறகைப் போர்த்தி உட்கார்ந்துகொள்ளும். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை உனக்கு நினைவு வரும். நமக்குப் பள்ளிக்கூடத்தில் அதை வள்ளல்தன்மைக்கு உதாரணமாகச் சொன்னார்கள். வயதான பிறகு எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. போர்த்திவிட்டு அவன் தன் வழியே போய்விட்டான், அரண்மனைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

நோயில் ஒன்றுக்குத்தான் நான் பயப்படுவேன். பிளாக்ஹெட் என்பார்கள். கோழியின் குடலில் இருக்கும் ஒருவகைப் புழுவின் முட்டைக்குள் ஒளிந்து வருகிற நுண்ணுயிர். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வான்கோழிக்கும் மயிலுக்கும் ஈரலையே தின்றுவிடும். கோழி மேய்ந்த மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், மண்புழு வழியாகவும் வரும். கொல்லையில் மேய்ந்த குஞ்சு வேண்டாம் என்றது இதற்காகத்தான். கந்தக மஞ்சளில் கழிச்சல், தொங்கிய இறக்கை, ஓரமாகத் தனியே நிற்பது, இதில் எதைக் கண்டாலும் அன்றைக்கே பறவை மருத்துவரிடம் போ. மறுநாள் வரை காத்திருக்காதே. குடற்புழு மருந்து எப்போது, எவ்வளவு என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

ஃப்ளானரி ஓ'கானர் என்ற எழுத்தாளரை நீ கல்லூரியில் படித்திருப்பாய். ஜார்ஜியாவில் மில்லெட்ஜ்வில் அருகே தாயாரின் பண்ணையில், லூபஸ் நோயோடு வாழ்ந்துகொண்டே மயில் வளர்த்தவர். ஒரு ஜோடியும் நான்கு குஞ்சுகளும் ரயிலில் வரவழைத்துத் தொடங்கி, நாற்பது வரை பெருகியதாம். 1961-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேடிப் படி. மயில்கள் அவருக்காக எதையும் செய்யவில்லை. பூவைத் தின்றன, அத்திப் பழத்தைத் தின்றன, கூரையில் ஏறிக் கத்தின. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மயில் வளர்ப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான், உனக்கு அது போதுமா என்று இப்போதே யோசித்துவிடு. இருபது வருடம் வாழும் பறவை. இனப்பெருக்கப் பருவத்தில் விடியற்காலையிலேயே அகவத் தொடங்கும். நமக்கு அது முருகன் கோயில் ஞாபகம், உன் பக்கத்து வீட்டாருக்கு யாரோ அலறுவதுபோல் இருக்கும். முன்கூட்டியே போய்ச் சொல்லி வை. அவர்களுடைய காரின் பளபளப்பில் தன் பிம்பத்தைப் பார்த்துச் சேவல் சண்டைக்குப் போகும், கீறும். உங்கள் ஊரில் மயிலை வளர்ப்புப் பறவையாகத்தான் பார்க்கிறார்கள் என்றாலும், உங்கள் கவுண்டி அலுவலகத்தில் விதியைக் கேட்டுக்கொள்.

இங்கே என்றால் இந்தக் கடிதத்தையே நான் எழுதியிருக்க மாட்டேன். மயில் 1963-இல் தேசியப் பறவையானது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் வளர்த்தாலும் சிறை. அந்தப் பையன் முட்டையைத் தொட்ட அன்றைக்கே குற்றம், பாவம், அவனுக்குத் தெரியாது. நீ இருக்கும் இடத்தில் இந்தப் பறவைக்குக் காடு இல்லை, அடைப்புதான் அதன் ஊர். அதனால்தான் உனக்குச் சொல்லித் தருகிறேன். ஊருக்கு வரும்போது அந்த அனுபவத்தில் இங்கே எதையாவது தூக்கிவிடாதே. காலையில் நம் கடலைக் கொல்லையில் பதினைந்து மயில் நிற்கிறது. உன் பெரியம்மா வேலியோரம் நின்று தினமும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்டில் உன் சேவலுக்குத் தோகை உதிரும். ஒவ்வொன்றாகக் கீழே கிடக்கும், நோயென்று பயந்து எனக்குப் போன் செய்யாதே. இரண்டாவது குஞ்சு வந்ததும் செய். அன்று ராத்திரி பெட்டிக்குள் இரண்டும் எப்படித் தூங்குகின்றன என்று ஒரு படம் அனுப்பு. உன் தோள் அதில் தெரியக் கூடாது.

அன்புடன்,
பெரியப்பா